பாறைக்குள் அணுக்கழிவு: சூடும் தகைவும் கணக்குப் போட்டால் 200 மெகாபாஸ்கல் வருகிறது, எங்கே தப்பு?

கோட்டை அகழி | மே 6, இரவு 10.40

வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.டெக். கடைசி செமஸ்டர். நிலத்தடியில் அணுக்கழிவைப் புதைத்தால் சுற்றியுள்ள பாறை எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டால் எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ், பாறைக்குள் உண்டாகும் நெருக்கம்) ஏறும் என்பதுதான் புராஜெக்ட். மூன்று வாரமாக ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

வைத்திருக்கும் எண்கள்: ஆழம் 500 மீட்டர். அங்கே பாறையின் இயல்பு வெப்பநிலை 35 டிகிரி. 1 மீட்டர் விட்டத்தில் செங்குத்தாக ஒரு குழி, அதில் 4 மீட்டர் நீளக் கலன், 1000 வாட் வெப்பம். பாறை நம்ம ஊர் கிரானைட் மாதிரி: வெப்பங்கடத்து திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 3 வாட், யங் குணகம் (விறைப்பு) 60 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் அளவு) 0.25, நசுங்கு வலிமை 180 மெகாபாஸ்கல். வெப்ப விரிவு டிகிரிக்கு, மீட்டருக்கு 24 மைக்ரான். மாடலின் எல்லைகளை எல்லாப் பக்கமும் 500 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். குழியைக் குறுக்கே வெட்டிய இரு பரிமாண மாடல்.

விடை: 100 ஆண்டில் குழிச் சுவர் 104 டிகிரி. இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. சுவரில் வெப்பத் தகைவு மட்டும் 200 மெகாபாஸ்கல். அதாவது பாறை நொறுங்கிவிட்டது. கைடிடம் காட்டினால், "கலர் நன்றாக வந்திருக்கிறது" என்கிறார்.

பின்லாந்தில் இதே மாதிரி நிஜமாகவே தோண்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பாறை நொறுங்கவில்லை. அப்படியென்றால் தப்பு என்னிடம்தான். எங்கே?

சந்தேகப் பிராணி | மே 6, இரவு 10.52

முதலில் ஒன்று சொல்லுங்கள். "நம்ம ஊர் கிரானைட்" என்றால் என்ன அர்த்தம்? வேலூரில் புதைக்கப் போகிறார்களா?

கோட்டை அகழி | மே 6, இரவு 10.58

இல்லை இல்லை! பேப்பரில் மட்டும்தான். பாறைத் துண்டு கிடைப்பது இங்கே சுலபம், அதனால் லேப் எண்கள் இங்கே எடுத்தேன். அவ்வளவுதான்.

சந்தேகப் பிராணி | மே 6, இரவு 11.01

எல்லாம் பேப்பரில்தான் ஆரம்பிக்கும்.

கொதிகலன் | மே 7, காலை 6.15

ராணிப்பேட்டையில் இருபது வருடமாக வெப்பத் தகைவுதான் என் சோறு. பாறை இல்லை, இரும்பு. ஆனால் தப்பு எல்லாம் ஒரே ஜாதி. உங்கள் பதிவில் மூன்று தெரிகிறது. மெஷ்ஷை (மாடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வலையை) தொடாதீர்கள், அது பாவம் ஒன்றும் செய்யவில்லை.

ஒன்று, 24 மைக்ரான். கிரானைட்டின் நீள விரிவு சுமார் 8. நீங்கள் எடுத்தது கன அளவு விரிவு, அது நீள விரிவைப் போல மூன்று மடங்கு. உங்கள் மென்பொருள் நீள விரிவைக் கேட்கிறது, நீங்கள் மற்றதைக் கொடுத்துவிட்டீர்கள். தகைவு நேராக மூன்று மடங்கு.

இரண்டு, தகைவு இல்லாத வெப்பநிலை என்று ஒரு பெட்டி இருக்குமே, அதை நிரப்பினீர்களா? பெரும்பாலும் 0 என்று கிடக்கும். அப்படியென்றால் மென்பொருள் என்ன நினைக்கிறது? பாறை 0 டிகிரியில் பிறந்து, உங்கள் கலன் வருவதற்கு முன்பே 35 டிகிரி வரை சூடாகித் தவித்துக்கொண்டிருக்கிறது என்று. அந்த 35 டிகிரியை உங்கள் கலன் கணக்கில் எழுதிவிட்டது.

சரிபார்ப்போம். பக்கவாட்டில் நகர முடியாத பாறையில் வெப்பத் தகைவுக்கு மேல் வரம்பு: யங் குணகம் பெருக்கல் விரிவு பெருக்கல் வெப்பநிலை உயர்வு, அதை 0.75-ஆல் (1 கழித்தல் பாய்சான் விகிதம்) வகுக்க வேண்டும். உங்கள் 24-ஐப் போட்டால் டிகிரிக்கு 1.92 மெகாபாஸ்கல். 104 பெருக்கல் 1.92 என்பது 200. உங்கள் 200 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதா?

8 போட்டு, 35-இலிருந்து எண்ணினால் டிகிரிக்கு 0.64, உயர்வு 69. 44 மெகாபாஸ்கல். தகைவு நாலில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது, காப்பி கூட ஆறவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், நிற்காமல் ஏறுகிறது என்றீர்களே அது. இரு பரிமாணத்தில் வெட்டினால் உங்கள் கலன் 4 மீட்டர் இல்லை. மேலேயும் கீழேயும் முடிவே இல்லாத கம்பி. சூடு பக்கவாட்டில் மட்டும்தான் போக முடியும், மேலும் கீழும் வழியில்லை. அதனால் காலத்தின் மடக்கைபோல ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. நிஜக் கலன் நாலா பக்கமும் சூட்டை விடும், ஓரிரு ஆண்டுகளில் கிட்டத்தட்ட நிலைக்கு வந்துவிடும். கைக்கணக்கு: 1000 வாட்டை 4-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 250. அதை 2 பை பெருக்கல் 3-ஆல் வகுத்தால் 13.3. அதோடு 2.1-ஐப் பெருக்க வேண்டும். (நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 4; 4-இன் தலைகீழ் ஹைபர்போலிக் சைன் 2.1. கால்குலேட்டரில் இருக்கும்.) 28 டிகிரி. தகைவு 18 மெகாபாஸ்கல்.

எல்லையை 500 மீட்டரில் வைத்தது சரி. அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பலர் அதில்தான் விழுவார்கள்.

கோட்டை அகழி | மே 7, காலை 7.30

பெட்டியில் 0-தான் இருந்தது. மூன்று வாரம் போச்சு.

எல்லை நானே கணக்குப் போட்டேன் அண்ணா. வெப்பம் பரவும் தூரம் காலத்தின் வர்க்கமூலம். ஒரு வருடத்தில் சுமார் 6 மீட்டர், 100 வருடத்தில் 60, ஆயிரம் வருடத்தில் 200 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அதில் இரண்டரை மடங்கு வைத்தேன்.

பழைய மைன்ஸ் | மே 7, காலை 9.20

தம்பி, இவ்வளவு தூரம் பின்லாந்துக்குப் போக வேண்டாம். காட்பாடியில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை தாண்டி, பங்காருப்பேட்டையில் மாறி மாரிகுப்பத்தில் இறங்கு. கோலார் தங்கவயல். 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே, கைவிடப்பட்ட ஒரு பகுதியில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இதே சோதனையைச் செய்திருக்கிறது. பாறைக்குள் மின்சார ஹீட்டரை இறக்கி, சுற்றிலும் வெப்பமானியும் நகர்வு அளக்கும் கருவியும் வைத்துப் பல வருடம் பார்த்தார்கள். கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது, வெறும் ஹீட்டர். அங்கே உள்ள பாறை கிரானைட் இல்லை, ஆம்பிபோலைட். கறுப்பாக இருக்கும்.

எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து மைன்ஸுக்குப் போனவர். அப்பாவும் அங்கேதான். அந்தக் காலத்தில் வட ஆற்காட்டில் மழை பொய்த்தால் பாதி கிராமம் அந்த ரயிலில்தான் ஏறும். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்று அனுப்பாவிட்டால் மனிதன் நிற்க முடியாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பாறை சூடாக இருப்பதால் மட்டும் உடைவதில்லை. அங்கே ஆளைக் கொன்றது 'ஏர் பிளாஸ்ட்'. அப்பா காலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், இன்ஜினியர்கள் ராக் பர்ஸ்ட் என்பார்கள். தோண்டித் தோண்டி, மிச்சமிருக்கும் பாறையின் மேல் பாரம் குவிந்து, ஒரு நாள் வெடிக்கும். மேலே ஊரில் வீட்டுப் பாத்திரம் ஆடும். நீ 18 மெகாபாஸ்கல் வெப்பத்தால் என்கிறாய். பூமி ஏற்கெனவே வைத்திருக்கும் பாரம் எங்கே உன் கணக்கில்?

கோட்டை அகழி | மே 7, காலை 9.41

ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி :)

பூமியின் பாரம் போடவே இல்லை. வெப்பம் மட்டும்தான் போட்டேன். தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய மைன்ஸ் | மே 7, காலை 9.50

மன்னிக்கணும்மா. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது.

கொதிகலன் | மே 7, பகல் 1.10

ஐயா சொன்னது சரியான இடம். மீள்தன்மை மாடலில் (பாரம் எடுத்தால் பாறை பழையபடி திரும்பும் என்று வைக்கும் மாடலில்) கூட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கூட்ட வேண்டும்!

500 மீட்டர் பாறையின் எடை மட்டும் 13 மெகாபாஸ்கல். கிடைமட்டம் அதைவிட அதிகமாக இருப்பது நம்ம மாதிரிப் பழைய பாறைப் பகுதிகளில் சகஜம். உதாரணத்துக்கு ஒரு திசையில் 25, குறுக்கே 15 என்று வையுங்கள். வட்டக் குழி தோண்டியதும் சுவரில் அதிகபட்சம், பெரியதின் மூன்று மடங்கில் சின்னதைக் கழித்தது: 75 கழித்தல் 15, ஆக 60. ஒரு வாட் வெப்பம் வைப்பதற்கு முன்பே 60! அதன் மேல்தான் உங்கள் வெப்பம் ஏறி உட்காருகிறது.

கல்குவாரி வாரிசு | மே 7, மாலை 5.35

நான் இன்ஜினியர் இல்லை, வாலாஜா பக்கம் கல் வியாபாரம். இந்த இழையைப் படித்ததும் தாத்தா ஞாபகம். ஒரு விஷயம் சொல்லலாமா?

வெடி, மிஷின் எல்லாம் வருவதற்கு முன்னால் பலகைக்கல் எடுப்பதே நெருப்பால்தான். தட்டையான பாறை மேல் விறகைப் பரப்பி மெதுவாக எரிப்பார்கள். வேகமாக எரிக்கக் கூடாது. அப்புறம் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்கள். 'கிண்' என்று கேட்டால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டொப்' என்று பொத்தலாகக் கேட்டால் கீழே விட்டுவிட்டது. விட்ட இடத்தில் நெருப்பை முன்னே தள்ளுவார்கள். கடைசியில் சில அங்குலக் கனத்தில் ஒரு பெரிய தகடு பாறையிலிருந்து முழுசாகப் பிரிந்து கிடக்கும். அதை வரிசையாக உளி போட்டுத் துண்டாக்குவது அப்புறம்.

தாத்தாவிடம் கேட்டால், "கல்லுக்கு வியர்த்தா சட்டையைக் கழட்டும்" என்பார். அது ஏன் அப்படிப் பிரிகிறது? சூட்டில் விரிசல் விடும் என்றால் மேலிருந்து கீழே தானே விட வேண்டும்? ஏன் படுக்கைவாட்டில்?

கொதிகலன் | மே 7, இரவு 8.45

இந்த இழையிலேயே இதுதான் சிறந்த பதிவு. உங்கள் தாத்தா செய்தது, இந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடுவது, இரண்டும் ஒன்றே.

மேல் தோல் சூடாகிறது, விரிய வேண்டும். பக்கவாட்டில் விரிய முடியாது, சுற்றிலும் குளிர்ந்த பாறை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இழுவிசை இல்லை, நெரிசல். பஸ்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் தோளை விரித்தால் என்ன ஆகும்? தப்பிக்க ஒரே திசை, மேலே. அங்கே காற்றுதான் இருக்கிறது. பாறை தன் மேற்பரப்புக்கு இணையாகப் பிளந்து மேலே எழும்புகிறது. செங்குத்து விரிசல் வேண்டுமென்றால் சூடான பாறையில் சட்டென்று தண்ணீர் ஊற்றுங்கள், அப்போது தோல் சுருங்கி இழுவிசை வரும்.

குழிச் சுவரிலும் இதேதான். சுவர் சூடாகி நெரிபடும், தப்பிக்க ஒரே வழி குழிக்குள். மெல்லிய செதில்களாக உதிரும். ஸ்வீடனில் ஆஸ்போ என்ற நிலத்தடி ஆய்வகத்தில், 450 மீட்டர் ஆழத்தில், இரண்டு பெரிய குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலத் தூணை விட்டுவைத்து, சூடேற்றி உதிர வைத்தே பார்த்தார்கள். லேப்பில் அளந்த நசுங்கு வலிமையில் சுமார் 55 முதல் 60 சதவீதத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. கல்லூரி லேப்பில் வரும் 180 என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். உங்கள் 180-க்கு 55 சதவீதம் போட்டால் 99. அதுதான் எல்லைக்கோடு.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த இரண்டு குழிகளில் ஒன்றின் சுவரை உள்ளிருந்து லேசாக அழுத்தி வைத்தார்கள், ஒரு மெகாபாஸ்கலுக்கும் குறைவு. பாறையில் நூறு மெகாபாஸ்கல் வாக்கில் தகைவு இருக்கும் இடத்தில் இது கொசுக்கடி. ஆனால் அந்தக் குழிச் சுவர் உதிரவில்லை.

கல்குவாரி வாரிசு | மே 7, இரவு 9.05

அட, தாத்தாவும் சொல்வார், எரிக்கும் இடத்தின் மேல் கல்லோ மண்ணோ ஏற்றி வைக்கக் கூடாது, தகடு எழும்பாது என்று!

சந்தேகப் பிராணி | மே 7, இரவு 11.20

எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன்.

ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் ஒரு ஆலைக்குள் குரோமியக் கழிவு மலைபோல் கிடக்கிறது. அது கொட்டப்பட்ட காலத்திலும் படித்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்குச் சுற்றுவட்டாரக் கிணற்றில் மஞ்சள் தண்ணீர். 2012-இல் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது கழிவைக் கோலாரில் வைக்கலாம் என்று பேச்சு வந்து, தங்கவயலில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு அப்படி இல்லை என்று அரசு பின்வாங்கியது. ஜெர்மனியில் ஆஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை பீப்பாய் பீப்பாயாக வைத்தார்கள். உப்பு காய்ந்திருக்கும், தண்ணீர் வராது என்றார்கள். வந்தது. இப்போது வெளியே எடுப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உங்கள் மாடல் 28 டிகிரி என்று சொல்கிறது, சரி. யார் ஆயிரம் வருடம் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

பழைய மைன்ஸ் | மே 8, காலை 7.05

கோலாரில் போராட்டம் நடந்தபோது நானும் போய் நின்றேன். இப்போதும் போவேன். தண்ணீர் ஏறி நிற்கும் பழைய சுரங்கம், பாறை எல்லாம் தோண்டி ஓட்டையாக்கின இடம், அங்கே எந்தப் பைத்தியக்காரனும் புதைக்க மாட்டான். சோதனைக்கு அது சரி, புதைக்க அது சரியில்லை. 2001-இல் மைன்ஸை மூடிவிட்டுப் போனார்கள், சயனைடு மேடு இன்னும் காற்றில் பறக்கிறது.

ஆனால் அதற்காக இந்தப் பெண் கணக்குப் போடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்தவர்கள் நம்ம பக்கமும் இருக்க வேண்டும்.

கொதிகலன் | மே 8, இரவு 9.30

சந்தேகப் பிராணிக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி நியாயமானது.

குரோமியத்துக்கு அரை ஆயுள் (தானாகப் பாதியாகக் குறையும் காலம்) கிடையாது. கொட்டிய அளவு கொட்டியபடியே இருக்கும். அணுக்கழிவின் வெப்பத்துக்கு இருக்கிறது. மறுசுத்திகரிப்புக்குப் பிறகு (எரிந்த எரிபொருளிலிருந்து பயன்படுவதைப் பிரித்தெடுத்த பிறகு) வரும் கழிவில் முதல் நூறு ஆண்டுகளின் சூட்டுக்கு முக்கியக் காரணம் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90. இரண்டுக்கும் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டு. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். விஷம் அதற்குப் பிறகும் உண்டு (அமெரிசியம்-241-க்கு 432 ஆண்டு, புளூட்டோனியம்-239-க்கு 24,000 ஆண்டு), ஆனால் நாம் இங்கே பேசும் சூடு முதல் தலைமுறைகளின் பிரச்சினை. இந்தியாவில் அந்தக் கழிவை போரோசிலிகேட் கண்ணாடியாக உருக்கி, தாராப்பூரில் காற்றோட்டத்தில் ஆற வைக்கிறார்கள். அதற்குக் காரணமே இந்தக் கணக்குதான். வெளியே 30 வருடம் காத்திருந்தால் பாறைக்குப் போகும் சூடு பாதி. பொறுமைதான் இதில் மலிவான பொறியியல்.

இப்போது மாடலை நம்பலாமா என்பது. இதற்கு நேர்மையான பதில்: சூட்டை நம்பலாம், தகைவை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

ஸ்வீடனில் ஸ்ட்ரிபா என்று கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம். 1970-களின் கடைசியில் அமெரிக்கர்களும் ஸ்வீடன்காரர்களும் சேர்ந்து கிரானைட்டில் ஹீட்டர் வைத்தார்கள். வெப்பநிலை கணக்குப் போட்டபடியே வந்தது, கிட்டத்தட்ட கோடு மேல் கோடு. வெப்பக் கடத்தல் என்பது அப்படி, விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடு தன் வழியில் போய்விடும். ஆனால் பாறையின் நகர்வு? கணக்கில் வந்ததைவிட நிஜத்தில் மிகவும் குறைவு. ஏன்? கணக்கில் பாறை ஒரே துண்டு. நிஜத்தில் அதற்குள் ஆயிரம் விரிசல். சூட்டில் பாறை விரியும்போது முதலில் அந்த விரிசல்களை மூடிக்கொள்கிறது. விரிவில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. அதோடு குணகங்கள் வெப்பநிலையோடு மாறும், நாம் மாறாத எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

அதனால்தான் 1992-இலிருந்து டெகோவலெக்ஸ் என்று ஒரு கூட்டு முயற்சி நடக்கிறது. பல நாட்டுக் குழுக்கள், பல மென்பொருள், ஒரே சோதனை. ஒவ்வொருவரும் கணக்குப் போட்டு, பிறகு அளவீட்டோடு ஒப்பிடுவார்கள். ஆயிரம் வருடம் யாரும் உட்கார முடியாது, உண்மை. ஆனால் அமெரிக்காவின் நெவாடாவில், கழிவைப் புதைக்கத் திட்டமிட்ட யூக்கா மலைக்குள் 1997 டிசம்பரில் தொடங்கி ஒரு முழுச் சுரங்கப்பாதையையே நாலு வருடம் சூடேற்றி, அப்புறம் நாலு வருடம் ஆற விட்டுப் பார்த்தார்கள். அந்தத் திட்டமே அரசியலில் நின்றுபோனது வேறு கதை.

தங்கச்சி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரே ஒரு கலனை யாரும் புதைப்பதில்லை. குழிக்குக் குழி 6 மீட்டர், சுரங்கப்பாதைக்குப் பாதை 40 மீட்டர் என்று வையுங்கள், ஸ்வீடன் வடிவமைப்பு ஏறக்குறைய அந்த அளவுதான். முப்பரிமாணத்தில் ஒரே ஒரு கலனின் கால் பங்கை மட்டும் மாடல் செய்து, சமச்சீர்த் தளங்களில் வெப்பம் தாண்டாத எல்லை போடுங்கள். 1000 வாட்டை 30 ஆண்டு அரை ஆயுளில் குறைத்துக்கொண்டே போங்கள். என்ன வருகிறது என்று பார்ப்போம். நான் கையில் போட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன்.

பாலாறு | மே 9, காலை 10.15

தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? வேலூர்க்காரனுக்கு அதுதான் முதல் கேள்வி. ஆறே காய்ந்து கிடக்கிறது என்றாலும் ஆழ்குழாய்க் கிணறு 1000 அடி போகிறது.

கொதிகலன் | மே 9, பகல் 2.00

சரியான குட்டு. சுருக்கமாக: சூடானால் தண்ணீர் பாறையைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். களிமண் பாறையில் தண்ணீர் வேகமாக வெளியேற முடியாது, அதனால் துளைக்குள் அழுத்தம் ஏறும். பிரான்ஸ், சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. கிரானைட்டில் விரிசல் வழியே வடிந்துவிடும். இங்கே கவலை அந்த விரிசலே. சூட்டில் சில மூடும், சில வழுக்கித் திறக்கும். கழிவு வெளியே வருவதென்றால் அந்த வழியாகத்தான்.

அதனால்தான் கலனைச் சுற்றி பென்டோனைட் களிமண் வைக்கிறார்கள். நனைந்தால் உப்பி எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். 100 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்பது ஸ்வீடன், பின்லாந்து இரண்டிலும் விதி. நம்ம ராஜஸ்தான், குஜராத்தில் நல்ல பென்டோனைட் கிடைக்கிறது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பாறை ரொம்பக் காய்ந்திருந்தால் களிமண் நனைய நூறாண்டுகள்கூட ஆகலாம். சூடு உச்சத்துக்குப் போவது அதற்கு வெகு முன்னால். மேலே சொன்ன கொசுக்கடி அழுத்தம் தேவைப்படும் நேரத்தில் களிமண் இன்னும் உப்பியே இருக்காது.

சந்தேகப் பிராணி | மே 9, பகல் 2.20

ஆக, தண்ணீர் வந்தாலும் தப்பு, வராவிட்டாலும் தப்பு.

கொதிகலன் | மே 9, பகல் 2.24

கிட்டத்தட்ட. :)

கோட்டை அகழி | மே 12, இரவு 11.55

முடிந்தது! நேற்று முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது. கத்திரி வெயிலில் லேப்டாப் சுவரைவிடச் சூடு. ரன் நடுவில் இரண்டு முறை அணைந்தது.

விடை: குழிச் சுவர் உச்சம் 70 டிகிரி, 9ஆம் ஆண்டில். உயர்வு 35. வெப்பத் தகைவு 22 மெகாபாஸ்கல். தோண்டியதால் வந்த 60-ஐச் சேர்த்தால் 82. உதிர்வுக் கோடு 99. அதற்குப் பிறகு மெல்ல இறங்குகிறது. சுவரில் உச்சம் சீக்கிரம் வந்துவிட்டாலும், சுற்றியுள்ள பாறை முழுதாகச் சூடாவது தாமதமாகத்தான். இரண்டு பாதைக்கு நடுவில் பார்த்தால் 40 ஆண்டு வாக்கில்தான் உச்சம், அங்கே உயர்வு பதினைந்து டிகிரிக்குப் பக்கம்.

சும்மா ஒன்று போட்டுப் பார்த்தேன். 6 பெருக்கல் 40, ஆக 240 சதுர மீட்டருக்கு ஒரு கலன்; ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஆரம்பத்தில் 4.2 வாட். 30 ஆண்டு அரை ஆயுளில் கடைசிவரை கூட்டினால் மொத்தம் 5.7 ஜிகாஜூல். அத்தனையும் பாறையில் தங்கி, பாறை மேல்நோக்கி மட்டும் விரிந்தால் தரை எவ்வளவு உயரும்? 3 சென்டிமீட்டர்! கலன் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் அதே 3 சென்டிமீட்டர்தான். இதைக் கைடிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கொதிகலன் | மே 13, காலை 6.05

என் சீட்டில் 35 டிகிரி, 8 முதல் 10 ஆண்டு. போதுமா? நல்ல வேலை.

82-க்கும் 99-க்கும் நடுவே 17-தான் இருக்கிறது. அதைப் பெரிய இடைவெளி என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அந்த 60 வந்தது நான் சும்மா சொன்ன 25, 15-இலிருந்து. பெரியது 31 என்றால் சுவரில் 78. வெப்பத்தைச் சேர்த்தால் 100, கோடு தாண்டியாயிற்று. உங்கள் வெப்ப மாடல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விடையைத் தீர்மானிப்பது அந்த ஒரு எண். அதைப் பாறையில் துளை போட்டு அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும், கம்ப்யூட்டரில் இல்லை.

கோட்டை அகழி | மே 13, காலை 8.10

கைடும் அதையேதான் கேட்டார், "இந்த 25 எங்கிருந்து வந்தது?" என்று. "ஒரு அண்ணன் சொன்னார்" என்று சொல்ல முடியாதே. 20 முதல் 35 வரை மாற்றி மாற்றி ஓட்டி ஒரு வரைபடமாகப் போடலாம் என்று இருக்கிறேன். பதினாறு ரன். கரண்ட் இருந்தால் நாலு நாள்.

கல்குவாரி வாரிசு | மே 13, காலை 8.40

எங்கள் குவாரியில் இப்போதும் தாத்தா எரித்து எடுத்த பாறை ஒன்று அப்படியே இருக்கிறது, தகடு பிரிந்த தழும்போடு. பிராஜெக்டில் போட்டோ போட வேண்டுமென்றால் வாம்மா. வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்குள்.

பழைய மைன்ஸ் | மே 13, காலை 9.00

நானும் வருகிறேன். சுத்தியல் ஒன்று எடுத்து வையுங்கள், தட்டிக் கேட்க வேண்டும்.